உலக்கைக்கு நான் கட்டிய கோட்டை

போன வாரம் உங்கள் அறைக்குள் எட்டிப் பார்த்தபோது ஒரு மேசையில் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் கிடந்தது. பழமொழிகளின் பொருளும் அவை பிறந்த கதைகளும் அதில் இருப்பதாக அட்டையிலேயே போட்டிருந்தார்கள். யாருடையது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு முழித்திருப்பீர்கள்.

அந்தப் புத்தகம் ஏன் வந்தது என்பது எனக்குத் தெரியும். நீங்கள் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. சாட்சிக் கூண்டில் ஏறும் பெரியவர் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல மாட்டார். ஒரு பழமொழியை எடுத்து விடுவார். மாஜிஸ்ட்ரேட் உங்களைப் பார்ப்பார். இரண்டு பக்கத்து வக்கீல்களும் உங்களைப் பார்ப்பார்கள். பெரியவர் மட்டும் எல்லாம் சொல்லி முடித்த திருப்தியோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். உங்களுக்குக் காதோரம் வேர்க்கும். முப்பது வருஷம் அதே இடத்தில் நின்று வேர்த்தவன் நான். அதனால்தான் உங்கள் தலைமை மொழிபெயர்ப்பாளர், புதியவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டதும் தட்ட முடியவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பழமொழிகளைப் பற்றியதுதான். ஆனால் இதில் ஒரு பழமொழியைக்கூட நான் சொல்லப் போவதில்லை. என்னை வம்பில் மாட்டிய அந்த ஒன்றையும் சொல்ல மாட்டேன். அதில் ஓர் உலக்கை வரும், அவ்வளவுதான். சொன்னால் உடனே அந்தத் தலையணையைப் புரட்டத் தொடங்குவீர்கள்.

ஜப்பான்காரன் பினாங்குக்கு வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. அதுவரை வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் கிராணி வேலை. கம்பெனியை மூடிவிட்டுத் துரைமார் கப்பலேறிவிட்டார்கள். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அரிசி பங்கீட்டில் கொஞ்சம் கிடைக்கும், மிச்ச வயிற்றுக்கு மரவள்ளிக்கிழங்கு. கடிகாரம்கூட அவர்கள் ஊர் நேரத்தில் ஓடியது. சூரியன் எழும்பும் முன்பே மணி எட்டைத் தாண்டிவிடும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது லாரிப் பயம். வேலையில்லாத ஆண்பிள்ளை ரோட்டில் கண்ணில் பட்டால் லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிடுவார்கள். போனவர்கள் திரும்பி வருவதில்லை என்பது கொஞ்ச நாளிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சட்டைப் பையில் ஓர் அலுவலகத்தின் அடையாளச் சீட்டு இருந்தால்தான் என் மனைவி நிம்மதியாக மூச்சு விடுவாள்.

எனக்கு அந்தச் சீட்டைக் கொடுத்தது, துறைமுகத்துக்கு எதிரே கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் ஓர் அலுவலகம். தீவிலிருந்து அக்கரைக்கும் அக்கரையிலிருந்து தீவுக்கும் போகும் தமிழ்க் கடிதங்களைப் படித்து, அவற்றில் என்ன இருக்கிறது என்று அதிகாரிக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு இரண்டு பேர் இருந்தோம். ஒருவன் நான். இன்னொருவர் ஞானம்மா டீச்சர். தமிழ்ப் பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தவர். பள்ளியை இழுத்து மூடியதும் இங்கே வந்து சேர்ந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வாய் கொஞ்சம் அதிகம். எனக்கு அதிகமாகத் தெரிந்ததென்றால் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அதிகாரி இராணுவ உடை போட்டிருந்தாலும் உள்ளுக்குள் வாத்தியார்தான். சண்டைக்கு முன்னால் தன் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இங்கிலீஷை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவார். ஒரு ஜனத்தைப் புரிந்துகொள்ள அவர்களுடைய பழமொழிகளைப் படித்தால் போதும் என்பது அவருடைய நம்பிக்கை. அதற்கென்றே நீல அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். கடிதத்தில் ஒரு பழமொழி வந்துவிட்டால் போதும், மற்ற விஷயமெல்லாம் நின்றுவிடும். பேனாவைத் திறந்துவிடுவார்.

நம் ஆட்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே. கிழங்கு கேட்டு எழுதினாலும் ஒரு பழமொழி, கிழங்கு இல்லை என்று பதில் எழுதினாலும் ஒரு பழமொழி. பேனா மூடவே நேரமிருக்காது.

முதல் தடவை அவர் கேட்டது நன்றாக ஞாபகமிருக்கிறது. நான் பொருளைச் சொன்னேன். தலையாட்டி எழுதிக்கொண்டார். பிறகு, "இது எங்கிருந்து வந்தது?" என்றார்.

"பழைய பேச்சு, ஐயா. எல்லோரும் சொல்வார்கள்."

"முதலில் சொன்னது யார்?"

"தெரியாது, ஐயா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. "எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளை இதற்குப் பதில் சொல்லும். எந்தப் போர், எந்தப் புத்தகம், எந்த அரசன், எல்லாம் தெரிந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார். என் மனத்தில் அது தைத்துவிட்டது. யாழ்ப்பாணத்து ஆளுக்குப் பசி பட்டினி தாங்கும். படிப்பில்லாதவன் என்று ஒருவர் நினைத்துவிட்டால் தாங்காது. வீடு வரைக்கும் அதையே மென்றுகொண்டு நடந்தேன்.

மறுநாள் இன்னொரு பழமொழி வந்தது. "எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு ராஜாவும் ஒரு குயவனும் எங்கிருந்தோ வந்து என் நாக்கில் உட்கார்ந்துகொண்டார்கள். குயவன் பானையை உடைத்தான், ராஜா சிரித்தார், மந்திரி இந்தப் பழமொழியைச் சொன்னார் என்று முடித்தேன். அதிகாரியின் முகம் மலர்ந்தது. ஒன்றரைப் பக்கம் எழுதினார். சாயங்காலம் நான் கிளம்பும்போது மேசை இழுப்பறையைத் திறந்து அரைக் கட்டி சவுக்காரம் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் சவுக்காரம் என்றால் என்னவென்று உங்களுக்குப் புரியாது. என் மனைவி அதை மோந்து பார்த்துவிட்டு, "எங்கால இது?" என்றாள். சொன்னேன். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

"கேட்டதுக்குத் தெரியாது எண்டு சொன்னால் உங்கட தலை என்ன தெறிச்சா போயிடும்? ஏன் வீண் கதை அளக்கிறியள்?"

"கதைதானே. ஆருக்கு என்ன நட்டம்?" என்றேன்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. வாரத்துக்கு மூன்று நாலு என்று அள்ளி விட்டேன். வணிகன், கப்பல் தலைவன், ஒற்றைக் கண் புலவர், கோபக்கார ராணி. மதுரையைத் தீர்த்துவிட்டுத் தஞ்சாவூருக்குப் போனேன். அதிகாரி பெயர் கேட்பார். வெறுமே ஒரு ராஜா என்றால் அவருக்குப் போதாது. பெயர்களை எங்கிருந்து எடுத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

டீச்சரிடமும் அவர் கேட்பார். டீச்சர் பொருளை அழகாகச் சொல்லுவார். எங்கிருந்து வந்தது என்றால், "தெரியாது" என்பார். மறுநாளும் தெரியாது. அடுத்த நாளும் அதுதான். அதிகாரி ஒவ்வொரு தடவையும் நோட்டில் ஏதோ சின்னதாகக் குறித்துக்கொள்வார். டீச்சருக்குச் சவுக்காரம் கிடைக்கவில்லை. என் பங்கில் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"நல்லா நுரைக்குது சார் உங்க ராஜாவோட சோப்பு" என்றார். "இன்னைக்கு யார் செத்தா? ராணியா, மந்திரியா?"

"நீங்களும் ஏதாவது சொல்லலாமே, டீச்சர்."

"எனக்கு எதுக்கு சார்? நான் நாப்பது பிள்ளைங்களுக்குப் பாடம் சொன்னவ. தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னா ஒண்ணும் ஆகாது லா."

நான் அதைப் பொறாமை என்று நினைத்தேன். என் புத்தி அப்படி இருந்தது.

உலக்கை வந்தது ஒரு மழை நாளில். அக்கரைக்குப் போகும் பெரிக் கப்பல் ஓடவில்லை, அதனால் கடிதமும் அதிகம் இல்லை. அதிகாரிக்குப் பொழுது போகவில்லை. எவளோ ஒரு மாமியார் மருமகளின் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் அந்தப் பழமொழி இருந்தது. கோபத்தில் இருக்கும் உறவுக்காரரைக் கொஞ்சம் பொறுத்துப் போகச் சொல்லும்போது நம் பெண்கள் சொல்வது. அடுப்படிப் பேச்சு. பொருளை ஒழுங்காகத்தான் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்கிருந்து வந்தது?" என்றார்.

மழையும் நிற்கவில்லை, நானும் நிறுத்தவில்லை. ஒரு கோட்டை கட்டினேன். ஏழு மாத முற்றுகை வைத்தேன். வெளியே எதிரிப் படை, உள்ளே பஞ்சம். கோட்டைக்குள்ளிருந்த சில பெண்கள் எதிரியோடு சேர்ந்துகொள்கிறார்கள். உலக்கை போடும்போது அந்த வாசகத்தைப் பாட்டாகச் சொன்னால் வாசல் திறக்கிறது என்று அர்த்தம். ஒரு நாள் சொல்கிறார்கள். வாசல் திறக்கிறது. ஏழு தளபதிகள் உள்ளே பாய்கிறார்கள். அன்றுமுதல் இது பழமொழியாயிற்று என்று நான் முடித்தபோது அதிகாரி நாலு பக்கம் எழுதி முடித்திருந்தார். கோட்டைக்கு எத்தனை வாசல் என்று கேட்டுப் படமும் போட்டார். அந்த ஏழு பேரின் பெயர்களையும் வரிசையாக எழுதிக்கொண்டார். அன்றைக்கு முழுக் கட்டி சவுக்காரம்.

டீச்சர் அந்த நேரம் அடுத்த அறையில் இருந்தார். எங்களோடு இருந்திருந்தால் அன்றே சிரித்து என் மானத்தை வாங்கியிருப்பார், பின்னால் வந்த வினையும் வந்திருக்காது.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை காலையில் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, எழுந்து நின்று தலை குனிந்து வணங்கினார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "உங்கள் உதவி பெரிது. ஒரு சதிகாரனைப் பிடித்திருக்கிறோம்" என்றார். மேசைமேல் ஒரு கடிதம். பக்கத்தில் நீல நோட்டு. நோட்டில் கோட்டைப் படம் போட்ட பக்கம் விரிந்திருந்தது.

அந்தக் கடிதம் முதல் நாள் டீச்சர் கையால் போனது. டீச்சர் வழக்கம்போல் பொருளை மட்டும் சொல்லியிருக்கிறார். மிச்சத்தை அதிகாரி தானே நோட்டில் தேடிப் பார்த்துக்கொண்டார்.

எழுதியவன் பெயர் ஆறுமுகம். தீவில் குடியிருந்துகொண்டு, துறைமுகத்தில் தொங்கான் என்னும் சரக்குப் படகிலிருந்து மூட்டை இறக்குகிறவன். அக்கரையில் சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் அக்காவுக்கு எழுதியிருக்கிறான். வருகிற வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு முடி இறக்குகிறோம், மாமா கோபத்தை விட்டுவிட்டு வரட்டும், இரண்டு பேரும் அவசியம் வந்துவிடுங்கள். அதற்குக் கீழே, அந்த உலக்கை.

"வெள்ளிக்கிழமை ஒரு கப்பல் வருகிறது" என்றார் அதிகாரி. "துறைமுகத்தில் வேலை செய்கிறவன். வெள்ளிக்கிழமை என்று நாள் குறிக்கிறான். இரண்டு ஆளை வரச் சொல்கிறான். வாசல் திறக்கும் அடையாளத்தைக் கடைசியில் எழுதுகிறான். மதியம் இராணுவப் போலீஸ்காரர்கள் வந்து இவனைக் கொண்டுபோவார்கள். அக்காவையும் அவள் கணவனையும் பிடிக்க ஆள் போகும். அதற்குமுன் நீங்கள் இவனை விசாரிக்க உதவ வேண்டும்."

இராணுவப் போலீஸிடம் போனவர்கள் எப்படித் திரும்பினார்கள் என்று எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். சிலர் திரும்பவே இல்லை.

ஆறுமுகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். என் வயதுதான் இருக்கும். உதடு ஏற்கெனவே கிழிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தமிழ் ஆள் ஒருவர் இருக்கிறார் என்ற தெளிவு. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

"இந்த வாசகத்தை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கிறார்" என்றேன்.

"யாரு சொல்லிக் குடுக்கணும் சார்? எங்கம்மா சொல்லுவாங்க. மாமா கோவிச்சுக்கிட்டாரு, அதான் எழுதினேன்."

"அம்மா எங்கே இருக்கிறாள்?"

"செத்துப் போய்ட்டாங்க சார், ஜப்பான்காரங்க வர்றதுக்கு முன்னாடியே."

நான் மொழிபெயர்த்தேன். செத்தவர்களை விசாரிக்க முடியாது என்பதால்தான் இப்படிச் சொல்கிறான் என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

தம்பிகளே, தங்கச்சிகளே, அப்போது நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றா? அதுதான் இல்லை. இன்னொரு கதை கட்டப் பார்த்தேன். "ஐயா, இந்தப் பழமொழிக்கு வேறு ஊரில் வேறு ஒரு கதையும் சொல்வார்கள். ஒரு கிராமத்தில் ஒரு செக்கு வியாபாரி..." என்று ஆரம்பித்தேன். என் அடையாளச் சீட்டும் போகக் கூடாது, அவனும் தப்ப வேண்டும் என்று ஒரு கணக்கு. அதிகாரி கையை உயர்த்தினார்.

"அன்றைக்கு ஏன் இதைச் சொல்லவில்லை?"

அவர் டீச்சரை அழைத்து வரச் சொன்னார். டீச்சர் வந்து நின்றார். ஆறுமுகத்தின் உதட்டைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இந்தப் பழமொழி எங்கிருந்து வந்தது?"

"தெரியாது, ஐயா. யாருக்கும் தெரியாது" என்றார் டீச்சர். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"இவருக்குத் தெரியுமே" என்று அதிகாரி என்னைக் காட்டினார்.

நான் பொய்யன் என்று டீச்சர் ஒரு சொல் சொன்னால் என்னையும் லாரியில் ஏற்றுவார்கள். சொல்லாவிட்டால் ஆறுமுகம் போவான். அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியது அவர் இல்லை, நான்தான். ஒரு பெண்பிள்ளையை நடுவில் நிறுத்திவிட்டு நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்ற நினைப்பு வந்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது.

"அந்தக் கோட்டை இல்லை, ஐயா" என்றேன்.

"எது இல்லை?"

"கோட்டை, முற்றுகை, ஏழு தளபதிகள். எல்லாம் நான் கட்டிச் சொன்னது. நீங்கள் கேட்டீர்கள். எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது."

அதிகாரி சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். "நீங்கள் இவனைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள். இரண்டு மாதத்துக்கு முன் பொய் சொல்ல ஒரு தேவையும் இல்லாத நேரத்தில் நீங்கள் சொன்னதை நம்புவதா, இன்று பயந்துபோய்ச் சொல்வதை நம்புவதா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பின்னால் முப்பது வருஷம் கோர்ட்டில் இருந்தும் இதைவிடக் கூர்மையான குறுக்கு விசாரணையை நான் கேட்டதில்லை. உண்மையைச் சொல்லியாயிற்று, உண்மையை நம்ப ஆள் இல்லை. ஆறுமுகத்துக்கு இங்கிலீஷ் புரியாது. யார் பேசினாலும் அவர் முகத்தையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தளபதிகளின் பெயரைப் பாருங்கள், ஐயா" என்றேன். "டீச்சர், வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள்."

இப்போது சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் வேலை செய்யும் நம் ஆட்களின் வருகையை இங்கிலீஷ் எழுத்தில் பதியும் வேலையும் என்னுடையதுதான். அந்தப் பதிவேடு எப்போதும் என் கண் முன்னால் விரிந்து கிடக்கும். அதிகாரி பெயர் கேட்கும்போதெல்லாம் என் கண் தானாக அதில் விழும். உலக்கை நாளன்று ஏழு பேர் தேவைப்பட்டார்கள். மேலிருந்து கீழே ஏழு பேரைப் படித்துவிட்டேன். வரிசையைக்கூட மாற்றவில்லை. என் பெயரை மட்டும் தாண்டிவிட்டேன். அதிகாரி எங்களை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அதனால் அவருக்கும் தட்டுப்படவில்லை.

டீச்சர் பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதிகாரி ஒரு கையை நோட்டிலும் ஒரு கையைப் பதிவேட்டிலும் வைத்துக்கொண்டு படித்தார். முதல் தளபதி வீரபத்திரன். பதிவேட்டில் முதல் ஆள் வீரபத்திரன். இரண்டாவது தளபதி மாடசாமி. பதிவேட்டிலும் மாடசாமி. நாலாவது தளபதியின் பெயர் அல்போன்ஸ். பழைய காலத்துக் கோட்டைக்குள் அல்போன்ஸ் வாளோடு பாய்ந்ததை நம் ஆள் எவனாவது கேட்டிருந்தால் அன்றைக்கே என் குட்டு உடைந்திருக்கும். ஏழாவது பெயர் வந்ததும் அதிகாரி நிறுத்தி நிறுத்திப் படித்தார். "ஞா-னம்-மா."

"நானுமா?" என்றார் டீச்சர், தமிழில்.

அதிகாரி நம்பிக்கை வராமல் முதல் தளபதியை அழைத்து வரச் சொன்னார். எங்களுக்குத் தேநீர் போடும் வீரபத்திரன் கையில் கெட்டிலோடு வந்து, இடுப்பு வளைய வணங்கி நின்றார். பெயர் என்ன என்று கேட்டதற்கு, "வீரபத்திரன் சார், டீத்தண்ணி வேணுமா சார்?" என்றார். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. பயத்தில் குலுங்கியதா சிரிப்பிலா என்று பிறகு கேட்டேன். இரண்டும்தான் என்றார்.

அதிகாரி எழுந்து வந்து என்னை இரண்டு கன்னத்திலும் அறைந்தார். பிறகு உட்கார்ந்து நோட்டை முதலிலிருந்து புரட்டினார். "குயவன்?" என்றார். "பொய், ஐயா" என்றேன். "ஒற்றைக் கண் புலவர்?" பொய். "ராணி?" பொய். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே ஒரு கோடு போட்டார். அடி வாங்கியது வலிக்கவில்லை. இது வலித்தது. அத்தனை பக்கமும் ஒரு மனிதர் அழகான கையெழுத்தில் ஆசையாக எழுதியது. சண்டை முடிந்ததும் தன் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கென்று வைத்திருந்ததாக அன்றைக்குத்தான் சொன்னார்.

கடைசியில் நோட்டை என் பக்கம் திருப்பி, டீச்சர் சொன்ன பழமொழிகள் இருந்த பக்கத்தைக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் எதிரே, எங்கிருந்து வந்தது என்ற கட்டத்தில், ஜப்பான் எழுத்தில் ஒரே ஒரு சின்னச் சொல். "தெரியாது என்று பொருள்" என்றார். "அதற்கும் நான் இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் சொல்லியிருக்கலாம்."

ஆறுமுகத்தைப் போகச் சொன்னார், அவன் கடிதத்தையும் அன்றைய தபாலிலேயே சேர்க்கச் சொன்னார். என் அடையாளச் சீட்டை வாங்கி இழுப்பறையில் போட்டு, மறுநாளிலிருந்து துறைமுகத்தில் மூட்டை இறக்கும் கூட்டத்தோடு வேலை என்றார். ஏன் என்னைச் சயாமுக்கு அனுப்பவில்லை என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு நல்ல காரணம் கட்டிச் சொல்லலாம்தான். வேண்டாம்.

வெளியே வந்தபோது டீச்சர் வாசல் வரை கூடவே வந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஏன் சார் என்னை ஏழாவதா போட்டீங்க? அல்போன்ஸுக்கு நாலாவது இடம், எனக்கு ஏழாவதா?" என்றார்.

இதிலிருந்து உங்களுக்கு வேலைக்கு ஆகும் விஷயம் இவ்வளவுதான். சாட்சி பழமொழி சொன்னால், அந்த இடத்தில் அவர் எதற்காகச் சொன்னார் என்பதைச் சொல்லுங்கள். அது உங்கள் வேலை. எங்கிருந்து வந்தது என்று மாஜிஸ்ட்ரேட் ஆசைப்பட்டுக் கேட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நில்லுங்கள். ஒரு மாஜிஸ்ட்ரேட் என்னிடம் எரிந்து விழுந்திருக்கிறார், இத்தனை வருஷம் இருந்து இதுகூடத் தெரியாதா என்று. ஆமாம் ஐயா, தெரியாது என்றேன். வழக்கு நடந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கதை கேட்கிறவருக்கு அது கதை. அதை எழுதி வைத்துக்கொள்கிறவருக்கு அது சாட்சியம். உங்கள் தலையணைப் புத்தகத்தில் எத்தனை வீரபத்திரன்களும் அல்போன்ஸ்களும் ஒளிந்திருக்கிறார்களோ, நான் அறியேன்.

மூட்டைக் கதையையும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். மறுநாள் துறைமுகத்துக்குப் போனால் என் கூட்டத்தில் ஆறுமுகம். பேனா பிடித்த கை. முதல் மூட்டையிலேயே நான் குப்புற விழுந்தேன். அவன்தான் ஓடி வந்து தூக்கினான். சாக்கை முதுகில் எப்படி வாங்குவது, பலகையில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று காட்டிக் கொடுத்தான். கனமான மூட்டை வந்தால் எனக்கு முன்னால் போய் நின்றுகொள்வான். கூட இருந்தவர்களிடமெல்லாம், "இந்த சார்தான் எனக்காக அடி வாங்கினவரு" என்று சொல்லி வைத்திருந்தான். அந்த அறையில் நடந்த இங்கிலீஷ் பேச்சில் அவனுக்குப் புரிந்தது நான் வாங்கிய அறை மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு முடி இறக்கியதும் எனக்கென்று அவித்த கிழங்கும் தேங்காய்த் துருவலும் இலையில் கட்டிக் கொண்டுவந்தான். அக்காவும் மாமாவும் வந்தார்களாம். அதற்குமேல் என்னால் முடியவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம். தொங்கானின் விளிம்பில் உட்கார்ந்திருந்தோம். இலையைப் பிரிக்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டை, உலக்கை, சவுக்காரம், எதையும் மறைக்கவில்லை. அவன் உதடு இன்னும் ஆறவில்லை. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். அடிப்பான் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அது பொய்யின்னா" என்றான் கடைசியில், "எங்கம்மாவுக்கு அந்தப் பேச்சு எங்கேருந்து சார் வந்திச்சு?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அம்மாவைப் பற்றி ஒருவர் ஏதாவது சொல்லமாட்டாரா என்று அவன் கண்ணில் ஏக்கம் இருந்தது. அவனுக்கு இதமாக ஒன்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும். வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது.

"தெரியாது, ஆறுமுகம்" என்றேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இலையை என் மடியிலிருந்து எடுத்துப் பிரித்து, பெரிய துண்டுக் கிழங்கை என் கையில் வைத்தான்.

"சாப்பிடுங்க சார். ஏதாச்சும் ராஜா கதை சொல்லியிருந்தீங்க, இப்பவே தண்ணிக்குள்ள தள்ளி விட்டிருப்பேன்."